பாட்டு இருக்கிறது, குரல் எங்கே?

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் டூ-இன்-ஒன் இருந்த வீடுகளில் ஒரு காட்சி வாடிக்கை. இலங்கை வானொலியை மெல்லத் திருகிப் பிடித்து, கேசட்டைச் செருகி, ரெக்கார்ட் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து அமுக்கி, பாஸ் பட்டன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் காத்திருப்பார். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் வரை பொறுமை. முதல் வயலின் கேட்டதும் விரல் எடுபடும். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் ஒரு அமுக்கு. சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். அதில் போய் பேச்சையும் விளம்பரத்தையும் பிடித்து வைப்பார்களா?

யாரும் தப்புச் செய்யவில்லை. கேசட் விலை அப்படி. ஆனால் இன்றைக்குக் கணக்குப் பார்த்தால் வரவு செலவு தலைகீழாக இருக்கிறது. அன்று அத்தனை கவனமாகப் பிடித்து வைத்த பாட்டு இன்று ஒரு நொடியில் கிடைக்கிறது. அதன் மூலப்பதிவு கம்பெனியிடம் இருந்தது, இசைத்தட்டாக வந்தது, பிறகு கேசட்டாக, சிடியாக, இப்போது செல்போனில். அவ்வளவு கவனமாக வெட்டி எறிந்ததுதான் எங்கேயும் இல்லை. மயில்வாகனம் ஒரு பாட்டை எப்படி அறிமுகம் செய்வார், கே.எஸ். ராஜா திரைவிருந்தில் எந்த வேகத்தில் பேசுவார், ராஜேஸ்வரி சண்முகம் குரல் எப்படி இருக்கும்... கேட்டவர்களிடம் கேட்டால் கண் மின்னச் சொல்வார்கள். "சரி, ஒரு மணி நேர நிகழ்ச்சி முழுசா இருக்கா?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

பழைய பாட்டு சேகரிக்கிறவர்கள் தமிழில் ஏராளம். பழைய வானொலியைச் சேகரிக்கிறவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரையின் சண்டை இதைப் பற்றித்தான்.

இலங்கை வானொலி தமிழ்நாட்டுக்குள் வந்த கதை தெரிந்ததுதான் என்றாலும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் 1925லேயே ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டது. 1950ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952ல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்தார். அவருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாட்டு சுருங்கியது. கேட்கிறவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாக விடவில்லை. பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், பிறந்தநாள் வாழ்த்து என்று ஒரு நாளின் நேரமே அந்த நிகழ்ச்சிகளால் ஓடிய வீடுகள் உண்டு. ராமநாதபுரம் பக்கத்துக் குக்கிராமத்துப் பையனின் பெயர் கடல் தாண்டி வாசிக்கப்படும். தபால் அட்டை போட்டு ஒரு மாதம் காத்திருந்தவனுக்குத்தான் அந்த அரை நொடியின் அருமை தெரியும்.

இதில் இசைத்தட்டு மட்டும்தான் பொருள் என்று நினைப்பது, கல்யாண வீட்டில் இலையை எண்ணிவிட்டு விருந்து முடிந்தது என்று சொல்வது மாதிரி.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி நடந்தது. அங்கே வானொலி நாடகங்களின் பொற்காலம் 1962 செப்டம்பர் 30ஆம் தேதி கடைசி இரண்டு தொடர்களோடு முடிந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் ஆயிரக்கணக்கில் இன்றைக்கும் கிடைக்கின்றன. 16 அங்குல அகலத் தட்டுகளில் நிகழ்ச்சி முழுவதையும் வெட்டி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. விளம்பரம் கொடுத்த சோப்புக் கம்பெனிக்கு, தான் கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்று கேட்டுப் பார்க்க ஒரு பிரதி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டில் இருந்த சிப்பாய்களுக்கு ராணுவ வானொலி தட்டு தட்டாக அனுப்பியது. இவையெல்லாம் பின்னால் குப்பைக்குப் போகும்போது, சில கிறுக்கர்கள் (மரியாதையாகத்தான் சொல்வது) எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஸ்பூல் டேப்பில் பிரதி எடுத்து, தபாலில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள். எந்தத் தேதி, யார் நடித்தது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று பட்டியல் போட்டார்கள். சிகரெட் விளம்பரத்தைக்கூட வெட்டவில்லை. அந்தப் பட்டியல் போடும் புத்திதான் அவர்களைக் காப்பாற்றியது.

இங்கே நிலையத்தார்தான் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதைப் பதிவது பி.பி.சி.யிலேயே நடந்த வழக்கம். நேரடியாகப் பேசிப் போகும் அறிவிப்பாளரின் ஒரு மணி நேரத்தை எந்த நிலையமும் சொத்தாக நினைத்ததில்லை. வணிகவியல் பாஷையில் சொன்னால் ஐந்தொகையில் அதற்கு மதிப்பு பூஜ்யம். அதனால் நேயர் வீட்டுப் பரணில் இருப்பதுதான் மிச்சம்.

அந்தப் பரணில்தான் பிரச்சினையே.

சேகரிப்பாளர்களில் ஒரு வகை, பூட்டி வைக்கிறவர்கள். மூர் மார்க்கெட் 1985ல் எரிவதற்கு முன் அங்கே மணிக்கணக்கில் குந்தி, தூசி தட்டி, பேரம் பேசி வாங்கிய 78 சுற்றுத் தட்டுகள். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், பாகவதர். யாராவது "ஒரு பிரதி எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். அவர்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. இலவசமாகக் கொடுத்த பாட்டை இன்னொருவன் நூறு பாட்டு எம்பி3 சிடியாகப் போட்டு பிளாட்பாரத்தில் விற்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு நன்றி கூட வராத வயிற்றெரிச்சல் சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. விலை இருப்பது தட்டுக்கு, அதில் உள்ள ஒலிக்கு அல்ல. அரக்கில் செய்த அந்தத் தட்டு, அதன் காகித லேபிள், உறை, எல்லாம் சேகரிப்பாளரிடமே இருக்கப் போகிறது. ஒலியைப் பத்தாயிரம் பேர் கேட்டால் அந்தத் தட்டைத் தேடுகிறவர்கள் கூடுவார்களே தவிரக் குறையமாட்டார்கள். பூட்டி வைத்தால் நடப்பது தேய்மானம் மட்டும்தான். அரக்குத் தட்டு கை தவறினால் சுக்கல். நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். கேசட்டை ஓட்டும் பெட்டி கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதருக்கு வயதாகிறது. அவர் போன பிறகு பிள்ளைகளுக்கு அது ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992ல் இறந்தபோது அவர் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இப்படிச் சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால் 1994ல் அவர் பெயரில் சென்னையில் நூலகம் ஆனது. அப்படி ஒரு அதிர்ஷ்டம் எல்லா அட்டைப்பெட்டிக்கும் வாய்க்காது.

இரண்டாவது வகை, அள்ளி வீசுகிறவர்கள். இவர்களைத் திட்டுவது கஷ்டம், ஏனென்றால் தாராள மனசு. ஆனால் இவர்கள் செய்யும் சேதமும் குறைவில்லை. கோப்பின் பெயர் "பழைய பாட்டு 14". படம் எது, வருஷம் எது, தட்டா, படத்திலிருந்து எடுத்ததா, வானொலியா, எதுவும் இருக்காது. இரைச்சலை நீக்குகிறேன் என்று பாடகரின் மூச்சையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள். நடுவில் திடீரென்று தங்கள் சேனல் பெயரைச் சொல்லும் குரல் வேறு. பாகவதர் உச்சத்தில் நிற்கும்போது "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

வேகமும் ஒரு தொல்லை. பழைய தட்டுகள் எல்லாமே சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. முன்னே பின்னே இருக்கும். 78ல் பதிவானதை 82ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். பிறகு அதைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்துல என்ன சாரீரம் பாருங்க, எத்தனை கட்டை!" என்று விவாதம் ஓடும். பாடியவர் பாவம், பாதிப் பெருமை மோட்டாருக்குப் போக வேண்டியது.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி ஞாபகத்துக்கு வருகிறது. 1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அந்தக் காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வது கேட்கும். மெழுகுப் பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகி வரும். அங்கே இருக்கும் தொழிலாளிக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டும் அல்லவா? மூன்று நிமிஷத் தட்டில் சில நொடியை அதற்கு ஒதுக்கினார்கள். கையில் எல்லா வசதியும் உள்ள காலத்தில் "பழைய பாட்டு 14"!

சட்டம் என்ன சொல்கிறது என்ற பயம் அடுத்தது. பயம் நியாயமானதுதான். 78 சுற்றுத் தட்டுகளைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றிய அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் மேல் பெரிய இசை நிறுவனங்கள் 2023ல் வழக்குப் போட்டன. 2025ல்தான் சமரசம் ஆனது. ஆனால் இந்தியச் சட்டம் பலர் நினைப்பதைவிடத் தெளிவானது. ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964ல் வெளிவந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வானொலி ஒலிபரப்புக்கு உள்ள தனி உரிமை 25 ஆண்டுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு. அது அவர்கள் இறந்த பிறகு 60 ஆண்டு. 1943ல் வந்த சிவகவி படத்தின் பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டால், அதே ஆண்டு வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2003 முடிவிலேயே போய்விட்டது. ஆனால் அதன் பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973ல்தான் காலமானார். எழுத்துரிமை 2033 கடைசி வரை நிற்கும். இசையில் பங்கு உள்ள ஜி. ராமநாதன் 1963ல் போனார். அவர் பங்கு 2023ல் முடிந்தது. ஒரே மூன்று நிமிஷத்துக்கு மூன்று கெடு! கண்ணதாசன் பாட்டு என்றால் 2041 வரை. இந்தக் குழப்பத்தில் எவ்வளவோ பேர் "எதுக்கு வம்பு" என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால், இதில் வில்லங்கம் குறைவாக உள்ள பகுதி எது? பாட்டுக்கு நடுவே வரும் பேச்சுதான். அறிவிப்பு, நேரம் சொல்வது, பிறந்தநாள் பட்டியல், நின்று போன சோப்பு ஒன்றின் விளம்பரப் பாட்டு. விளம்பரப் பாட்டுக்கும் எழுதியவர் உண்டு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். ஆனால் அதற்காகக் கோர்ட்டுக்கு வரப்போகிறவர் யார்? யாரும் காசு பார்க்க முடியாத, யாரும் சண்டைக்கு வராத, ஆனால் திரும்பவே கிடைக்காத பகுதி. அதைத்தான் இன்றைக்கும், கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது, முதல் வேலையாக வெட்டுகிறார்கள். "பாட்டு மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அன்று கேசட் விலை காரணம். இன்று என்ன காரணம்? ஒரு மணி நேர ஒலி ஒரு பைசா இடத்தைக்கூடப் பிடிக்காது.

எழுத்துக்கு இந்த விவேகம் தமிழில் எப்போதோ வந்துவிட்டது. மதுரைத் திட்டம் 1998ல் ஆரம்பித்தபோது ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்து, இன்னொருவர் பிழை பார்த்து, எந்தப் பதிப்பு என்று முகப்பில் எழுதினார்கள். ஈழத்து எழுத்துகளுக்கு 2005ல் நூலகம் திட்டம் வந்தது. சம்பளம் வாங்காதவர்கள் செய்த வேலைதான் இரண்டும். ஒலிக்கு அதே ஒழுங்கு அதிகம் வேண்டியதில்லை. தேதி தெரிந்தால் தேதி, தெரியாவிட்டால் கேசட் உறையில் எழுதியிருப்பது அப்படியே. எங்கே பிடித்தது, யார் பிடித்தது. இரைச்சல் நீக்காத ஒரு பிரதி. நடுவில் எதையும் வெட்டாமல்.

முழு நிகழ்ச்சி யாரிடம் கிடைக்கும் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கவனமாகப் பதிவு செய்த ரசிகரின் பெட்டியில் கிடைக்காது. அவர் விரல் பாஸ் பட்டனை விட்டிருக்காது. இரவு நேரம் ரெக்கார்டைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனவர் வீட்டில்தான் கேட்க வேண்டும். அந்தக் கேசட்டில் பாட்டு, விளம்பரம், அறிவிப்பாளரின் இருமல், செய்தி ஆரம்பிக்கும் மணியோசை எல்லாம் இருக்கும், நாடா தீர்ந்து பட்டன் டக்கென்று எகிறும் வரை.