எஞ்சின் செய்த வாகனத்தை முற்றத்தில் உறும விட வேண்டாம்



2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வாகனத்துக்கே எஞ்சின் செய்து ஓடப் பழகிவிட்டோம். 2025இல் தடை நீங்கியும் புது வாகன விலை நமக்கு எட்டவில்லை. அவசரத்துக்கு நோயாளியைப் புத்தளம் கொண்டுபோவதும் இவைதான்.

ஆனால், எஞ்சின் செய்து நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் மாதக்கணக்கில் நிறுத்திவிடுகிறோம். பிறகு முற்றத்தில் மணிக்கணக்காய் ஸ்டார்ட்டில் விடுகிறோம். இது பிழை. சுமையில்லாமல் ஓடினால் ரிங் சிலிண்டர் சுவரோடு படியாது. பின்னர் எஞ்சின் ஒயில் குடிக்கும்.

நின்ற வாகனத்தில் ஒயில் கீழே வடிந்திருக்கும். அளவு பார்த்து, ஸ்டார்ட் பிடிக்கவிடாமல் சில விநாடி சுற்றவிட்டு, அதன்பின் ரோட்டில் இறக்குவோம். பாரம் ஏற்றாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவோம். 500 கிலோமீட்டரில் ஒயிலும் பில்டரும் மாற்றுவோம். லட்சக்கணக்கில் கொட்டிய எஞ்சினுக்கு ஒரு கேன் ஒயில் பெரிதல்ல.