நாடாளுமன்ற ஊழியர்களுக்கு முதலாளி யார்? 75 ஆண்டுகளாக எழுதப்படாத ஒரு சட்டம்

பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டம், தொழிலாளர் சட்டங்கள்... எல்லாமே நாடாளுமன்றத்தில் பிறந்தவைதான். ஆனால் அதே கட்டடத்தில் வேலை பார்க்கும் ஊழியர்களின் நியமனம், பணி நிபந்தனைகள் பற்றி இதுவரை தனிச் சட்டம் ஒன்றுகூட நிறைவேற்றப்படவில்லை. 1955-ல் போட்ட விதிகளை அவ்வப்போது திருத்தித்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

'அது அவங்க ஆபீஸ் விவகாரம், நமக்கென்ன?' என்று கேட்கலாம். உங்கள் தொகுதி எம்.பி. அனுப்பும் கேள்வியை விதிப்படி சரிபார்ப்பது, அவையில் பேசியதைப் பதிவு செய்வது, தமிழில் பேசினால் மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பது, நிலைக்குழு அறிக்கைகளைத் தயாரிப்பது, வாசலில் பாதுகாப்பு தருவது... எல்லாம் இந்த ஊழியர்கள்தான். அவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவை எவ்வளவு சுதந்திரமாக நடக்கும் என்பதும் இருக்கிறது.

1929-ல் தொடங்கிய கதை

ஆங்கிலேயர் காலத்தில் மத்திய சட்டசபையின் அலுவலகம் அரசுத் துறையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. அதாவது, அரசைக் கேள்வி கேட்கும் சபையின் ஊழியர்களுக்கு அரசே முதலாளி.

இதை எதிர்த்தவர் அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவர் விட்டல்பாய் படேல். சபைக்குத் தனி ஊழியர்கள் வேண்டும், அவர்கள் சபைத் தலைவருக்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும் என்பது அவரது வாதம். அவரது முயற்சியால் 1929 ஜனவரியில் தனித் துறை உருவானது. அதே ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் சபைக்குள் குண்டு வீசினார்கள். அதன் பிறகு சபைக்கென்று சொந்தமாக 'வாட்ச் அண்ட் வார்டு' என்ற பாதுகாப்புப் பிரிவும் வந்தது. 2009-ல் அதற்கு நாடாளுமன்றப் பாதுகாப்பு சேவை என்று பெயர் மாற்றினார்கள்.

அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

படேலின் இந்த யோசனைதான் பின்னர் அரசியல் சாசனத்தின் 98-வது பிரிவானது. மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிச் செயலகம் இருக்க வேண்டும் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. ஊழியர் நியமனம், பணி நிபந்தனைகளுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது இரண்டாவது. அப்படிச் சட்டம் வரும் வரை, சபாநாயகரையோ மாநிலங்களவைத் தலைவரையோ கலந்தாலோசித்து குடியரசுத் தலைவர் விதிகள் வகுக்கலாம் என்கிறது மூன்றாவது.

'அதுவரைக்கும்' என்று வைத்த அந்தத் தற்காலிக ஏற்பாடுதான் நிரந்தரமாகிவிட்டது. மக்களவைக்கு 1955-ல் விதிகள் வந்தன, மாநிலங்களவைக்கு 1957-ல் வந்தன. சட்டம் மட்டும் வரவில்லை.

விளைவு? செயலகத்தின் தலைமைப் பொறுப்பான பொதுச்செயலாளரை நியமிப்பதிலிருந்து கீழ்நிலை ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை வரை எல்லா அதிகாரமும் அவைத் தலைவரிடமும் அவருக்குக் கீழே இருப்பவர்களிடமும்தான். அரசின் பிடியிலிருந்து ஊழியர்களைக் காப்பாற்றக் கட்டிய சுவர், இப்போது வெளியார் பார்வையையும் மறைக்கிற சுவராக நிற்கிறது.

புகார் என்றால் எங்கே போவது?

மத்திய அரசு ஊழியர் ஒருவருக்குப் பதவி உயர்வில் அநீதி நடந்தால், மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பணி விவகாரங்களுக்கென்றே 1985-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் உருவான அமைப்பு அது.

ஆனால் அதே சட்டத்தின் 2-வது பிரிவு, நாடாளுமன்றச் செயலக ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மாநில சட்டமன்றச் செயலக ஊழியர்களுக்கும் அதே நிலைதான். ஆக, டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் இருக்கும் கிளார்க்குக்குத் திறந்திருக்கும் கதவு, நாடாளுமன்றத்தில் இருக்கும் கிளார்க்குக்கு மூடியிருக்கிறது. உள்ளே முறையிட்டுப் பலன் இல்லையென்றால் நேராக உயர் நீதிமன்றம்தான். வேலை கொடுத்தவரே புகாரையும் விசாரிக்கும் இடத்தில், எத்தனை பேர் துணிந்து அந்தப் படி ஏறுவார்கள்?

மேல் பதவிகளில் என்ன நடக்கிறது?

2021 செப்டம்பர் 1-ம் தேதி பி.பி.கே. ராமாச்சார்யுலு மாநிலங்களவைப் பொதுச்செயலாளர் ஆனார். செயலகத்திலேயே பணியாற்றி உயர்ந்தவர் என்பதால் அந்த நியமனம் கவனம் பெற்றது. ஆனால் இரண்டரை மாதத்துக்குள், நவம்பர் 12-ம் தேதி, அவருக்குப் பதிலாக மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் முன்னாள் தலைவர் பி.சி. மோடி நியமிக்கப்பட்டார். ஏன் இந்த அவசர மாற்றம் என்று எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின.

நியமிக்கும் அதிகாரம் அவைத் தலைவருக்கு உண்டு. அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பிரச்சினை வேறு. இந்தப் பதவிக்கு என்ன தகுதி, எவ்வளவு காலம், எந்தக் காரணத்துக்காக மாற்றலாம் என்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. மேலே நிலைமை இப்படி என்றால், கீழே இருக்கிற அதிகாரி அழுத்தம் வரும்போது விதியைக் காட்டி 'முடியாது' என்று சொல்வாரா?

பாதுகாப்பு: பொறுப்பு யாருக்கு, கட்டுப்பாடு யாருக்கு?

இந்தக் குழப்பம் வெளிச்சத்துக்கு வந்த நாள் 2023 டிசம்பர் 13. பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் மக்களவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். 2001 தாக்குதலின் 22-வது நினைவு நாள் அது. அந்தத் தாக்குதலில் உயிரிழந்தவர்களில் நாடாளுமன்றத்தின் சொந்தப் பாதுகாப்பு ஊழியர்களும் உண்டு.

உடனடி நடவடிக்கையாக 8 பாதுகாப்பு ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அவைப் பாதுகாப்பு மக்களவைச் செயலகத்தின் பொறுப்பு என்றார் சபாநாயகர் ஓம் பிர்லா. அமளிக்கு நடுவே அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் மொத்தம் 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து காட்சி மாறியது. 2024 மே மாதம் நாடாளுமன்ற வளாகப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். வசம் போனது. 3,300-க்கும் மேற்பட்ட வீரர்கள் பணியமர்த்தப்பட்டனர். சி.ஐ.எஸ்.எஃப். இயங்குவது உள்துறை அமைச்சகத்தின் கீழ். சம்பவம் நடந்தபோது 'செயலகத்தின் பொறுப்பு' என்று சொல்லப்பட்ட வேலையின் பெரும்பகுதி, அரசின் படையிடம் போய்விட்டது.

இதன் தாக்கத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு எம்.பி. 2024 ஜூனில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லாவை நிறுத்தி, எதற்காக வந்தீர்கள் என்று சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் கேட்டதாக அவர் அவைத் தலைவருக்கே கடிதம் எழுதினார். 2025 ஆகஸ்டில் இன்னொரு சர்ச்சை. மாநிலங்களவையின் மையப் பகுதிக்கே சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் வந்துவிட்டதாக எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே புகார் சொன்னார். அவைக்குள் வந்தவர்கள் மார்ஷல்கள் மட்டுமே என்று அரசுத் தரப்பு மறுத்தது.

யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவைக்குள் நிற்கும் ஊழியர் யாருடைய ஆள் என்று எம்.பி.க்களே வாதாட வேண்டியிருக்கிறது. 1929-ல் படேல் தீர்க்க நினைத்த அதே கேள்வி இது.

யார் கணக்கிலும் சேராத உதவியாளர்கள்

செயலக ஊழியருக்காவது விதி உண்டு, பென்ஷன் உண்டு. எம்.பி.க்களின் தனி உதவியாளர்களுக்கு?

2018-ல் திருத்திய விதிகளில், எம்.பி.யின் அலுவலகச் செலவுக்கு மாதம் 60,000 ரூபாய் என்று இருந்தது. அதில் 40,000 ரூபாய் உதவியாளர் சம்பளத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எம்.பி. யாரைச் சொல்கிறாரோ அவருக்குச் செயலகம் நேரடியாகப் பணம் தரும். ஆனால் அவர் செயலகத்தின் ஊழியர் அல்ல. இரண்டு பேரை வைத்துக்கொண்டால் அந்தத் தொகையைப் பங்கு போட வேண்டும். எம்.பி. தோற்றால், வேலையும் போச்சு.

எம்.பி.க்களின் சம்பளம் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு மாதம் 1 லட்சத்திலிருந்து 1 லட்சத்து 24 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ப உயரும் முறை அவர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2013-ம் ஆண்டு சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்குழு கட்டாயம். ஒன்றிரண்டு பேர் இருக்கும் எம்.பி. அலுவலகத்துக்கு அது பொருந்தாது. மாவட்ட அளவிலான குழுவிடம்தான் போக வேண்டும். அதே மாவட்டத்தின் எம்.பி.க்கு எதிராக, அவரிடம் வேலை பார்க்கிற ஒரு பெண் அங்கே போய்ப் புகார் கொடுப்பது சுலபமா?

ஆர்.டி.ஐ. போட்டால் தெரிந்துவிடாதா?

ஓரளவுக்குத் தெரியும். இரண்டு செயலகங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருபவைதான். ஊழியர் பட்டியல், அவர்களின் சம்பளம், பட்ஜெட் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு.

ஆனால் அந்தந்த அவைக்கு ஆர்.டி.ஐ. விதிகளை வகுக்கும் அதிகாரம் சபாநாயகருக்கும் மாநிலங்களவைத் தலைவருக்கும்தான். அவை உரிமை மீறலாகும் தகவலைத் தர மறுக்கலாம் என்று 8-வது பிரிவு விலக்கும் தருகிறது. அவையின் விவாதங்களைக் காக்க அந்த விலக்கு தேவைதான். காலிப் பணியிடம் எத்தனை, ஒப்பந்த ஊழியர் எத்தனை பேர், உள்ளே வந்த புகார்கள் எத்தனை என்பதைச் சொல்வதால் எந்த அவையின் உரிமையும் கெடாது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

பிரிட்டனில் 2009-ல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தது. அதன் பிறகு எம்.பி.க்களின் செலவைக் கண்காணிக்கத் தனி ஆணையம் வந்தது. எம்.பி.க்களின் உதவியாளர்களுக்கான சம்பள வரம்பும் மாதிரி ஒப்பந்தமும் அந்த ஆணையத்தின் கையில். ஊழியர்கள் மிரட்டப்படுவதை 2018-ல் நீதிபதி லாரா காக்ஸ் அறிக்கை அம்பலப்படுத்தியது. 2020 முதல், எம்.பி.க்கள் மீதான இத்தகைய புகார்களில் தண்டனையை முடிவு செய்வது எம்.பி.க்களே இல்லாத ஒரு சுயாதீனக் குழு.

ஆஸ்திரேலியாவில் 2021-ல் கேட் ஜென்கின்ஸ் ஆய்வு வெளியானது. நாடாளுமன்றப் பணியிடங்களில் இருந்தவர்களில் 51 சதவீதம் பேர் மிரட்டல், பாலியல் தொல்லை அல்லது பாலியல் தாக்குதலில் ஏதாவது ஒன்றைச் சந்தித்திருந்தார்கள். பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களில் புகார் கொடுத்தது வெறும் 11 சதவீதம். 28 பரிந்துரைகள் வந்தன. 2024 அக்டோபரில் எம்.பி.க்களையும் விசாரிக்கும் தனி ஆணையம் செயல்படத் தொடங்கியது.

இரண்டு நாடுகளிலும் அவையின் சுதந்திரம் பறிபோகவில்லை. கண்காணிப்பு அரசிடம் போகாமல், சுயாதீன அமைப்பிடம் போனதுதான் காரணம்.

இங்கே என்ன செய்யலாம்?

- 98-வது பிரிவின் கீழ் சட்டம்: பொதுச்செயலாளரின் தகுதி, பதவிக்காலம், நீக்கும் முறை எழுத்தில் வர வேண்டும்.
- தீர்ப்பாயம்: செயலக ஊழியர்களின் பணி விவகாரங்களை விசாரிக்கச் சுயாதீன அமைப்பு. 1985 சட்டத்தில் திருத்தம் செய்தாலும் போதும்.
- ஆண்டறிக்கை: காலியிடம், ஒப்பந்தப் பணி, புகார்கள், எடுத்த நடவடிக்கை ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் அவையில் வைக்கப்பட வேண்டும்.
- உதவியாளர்கள்: மாதிரி ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளம், மாவட்டத்துக்கு வெளியே புகார் செய்ய வழி.
- பாதுகாப்பு: வளாகத்தில் இருக்கும் படை எதுவானாலும், அவை நடவடிக்கைகளைப் பொறுத்தவரை உத்தரவு அவைத் தலைவருடையதே என்பது சட்டத்தில் இருக்க வேண்டும்.

வேலையோ கூடிக்கொண்டே போகிறது. மக்களவையில் மொழிபெயர்ப்பு வசதியை 2025-ல் மேலும் பல மொழிகளுக்கு விரிவாக்கினார்கள். ஆட்கள் கிடைக்கக் கிடைக்க 22 மொழிகளுக்கும் கொண்டுபோவதே நோக்கம் என்றார் ஓம் பிர்லா. அந்த ஆட்களை எப்படித் தேர்வு செய்வார்கள், நிரந்தரமா ஒப்பந்தமா, குறை என்றால் யாரிடம் சொல்வது? இதற்கெல்லாம் இன்றைக்கும் பதில் 1955 விதிகளிலும் அவைத் தலைவரின் உத்தரவுகளிலும்தான் இருக்கிறது. மாற்றுவதற்கு அரசியல் சாசனத் திருத்தம்கூட வேண்டாம். சாதாரண மசோதா ஒன்று போதும். அதைக் கொண்டுவரும் உரிமை எந்த எம்.பி.க்கும் உண்டு, தனிநபர் மசோதாவாகவும்கூட.