எங்களுக்கும் தலைக்கட்டு வரி போடுங்கள்

ஹப்சிகுடா, ஐதராபாத்

சேகரத்து ஐயா, சபை மூப்பர்கள், உபதேசியார், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், வாலிபர் சங்கத்துத் தம்பிமார், நம் ஊர்ச் சபையார் அனைவருக்கும்,

நம் ஆலயத்தின் புதுக் கோபுரத்துக்கான நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. படம் நன்றாக இருக்கிறது. கீழே விலைப்பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். பத்தாயிரம் கொடுத்தால் கல்வெட்டில் பெயர், ஐம்பதாயிரத்துக்குப் பெயர் பெரிய எழுத்தில், லட்சத்துக்கு மேல் என்றால் பிரதிஷ்டை அன்று சால்வையும் கேடயமும். மும்பை, சென்னை, துபாய், ஐதராபாத் என்று ஊர் வாரியாக வசூல் பொறுப்பாளர் பெயரும் இருக்கிறது. நம் ஊரின் பெயரைத்தான் அந்தப் பட்டியலில் காணோம்.

போனில் கேட்டேன். "ஊர்ல யாருகிட்ட இருக்கு? பீடி சுத்துறவங்ககிட்டயும் பனையேறுறவங்ககிட்டயும் போய் என்னத்தக் கேக்க? வெளிய இருக்க நீங்கள்லாம் பாத்துச் செஞ்சாப் போதும்" என்றார் பேசியவர். இரக்கப்பட்டுச் சொன்ன வார்த்தைதான், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரக்கத்தோடுதான் எனக்கு வழக்கு. அவரும் நானும் மட்டும் பேசித் தீர்க்கிற வழக்கு இல்லை என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நம் வீட்டு அடுப்பங்கரைகளில் ஒரு சின்னக் கலயம் இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அளந்த பிறகுதான் எடுக்க வேண்டும். எங்கள் ஆச்சி இதில் படு கறார். கைப்பிடிக்கென்று முதலிலேயே ஒரு பிடி கூட அளந்தால், "அது சாக்குல இருந்து எடுத்தது, சோத்துல இருந்து எடுத்ததில்லட்டி" என்று அம்மாவைத் திட்டுவாள். சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் ஓலைப்பெட்டியோடு தெருத் தெருவாக வருவார்கள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் ஒரே பெட்டியில் விழும். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் படியால் அளந்து விற்பார்கள். கலப்பரிசி என்பதால் விலை சல்லிசு. வாங்குகிறவர்களும் நம் ஊரில் வசதி குறைந்தவர்கள்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு கலயம் இருக்கும். ஆக, வாங்கின அரிசியில் ஒரு பிடி அடுத்த சனிக்கிழமை பெட்டிக்குத் திரும்பி வந்துவிடும்.

அந்தக் காசு எங்கே போயிற்று என்பது அப்போது எனக்குத் தெரியாது. "ஐ.எம்.எஸ்-க்கு" என்பார்கள். திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, நம் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கும் வெள்ளாளன்விளைக்காரர், 1874-இல் பிறந்தவர். சங்கம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியிடத்துக்கு ஊழியரை அனுப்பி நடத்துவதைப் பார்த்திருக்கிறார். அவர்களால் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது என்று கிளம்பியவர். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது சங்கத்தின் சட்டம். நம் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் லண்டனிலிருந்து மிஷன் பணம் வந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் 'நீ கொடு' என்றார்.

அடுத்த வருஷம், 1904-இல், அந்தச் சங்கத்தின் முதல் மிஷனெரி நிஜாம் சீமையில் தோர்ணக்கல் பக்கம் வந்து சேர்ந்தார். 1909-இல் அசரியாவே தெலுங்கு படித்துக்கொண்டு குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவருடைய தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்து விவசாயக் கூலிகள். பண்ணையில் கூலி, சேரியில் குடிசை. அவர்களிடம் போய் என்னத்தைக் கேட்க என்று அவரும் இரக்கப்பட்டிருக்கலாம். அவர் கேட்டார். ஏழை என்பதற்காக ஒருவனிடம் கேட்காமல் விடுவது அவனுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு என்பதுதான் அவர் பிடித்த பிடி. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு ஜனங்கள் தானியமும் கோழியுமாக வந்தார்கள்.

செகந்திராபாத்தில் ரயில் ஏறினால் காசிப்பேட்டை, மகபூபாபாத் தாண்டித் தோர்ணக்கல் சந்திப்பு. அங்கே அசரியா கட்டிய பேராலயத்தைப் போய்ப் பார்த்தேன். தூணும் மண்டபமும் இந்துக் கோயில் சாயல், மேலே குமிழ் கோபுரங்கள் மசூதிச் சாயல். அதைக் கட்டி முடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிரதிஷ்டை 1939 ஜனவரி 6. நம் நோட்டீஸில் 'பதினெட்டே மாதத்தில்' என்று போட்டிருக்கிறீர்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார், ஆலய வளாகத்திலேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். (மெதக் பேராலயம் வேறு கதை. போஸ்நெட் துரை பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலையும் சாப்பாடும் கொடுத்துக் கட்டியது என்பார்கள், 1924 கிறிஸ்துமஸ் அன்று பிரதிஷ்டை. அங்கே நம் ஆட்கள் வேன் பிடித்து வருகிறார்கள். தோர்ணக்கல்லுக்கு ஒருவரும் வருவதில்லை. நம் ஆச்சிமாரின் அரிசி போன இடம் என்று யாரும் சொல்லித் தராததால் இருக்கும்.)

இங்கே ஹப்சிகுடாவில் மெட்ரோ தூண்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களின் நீண்ட மதில்களுக்கும் நடுவில் குடியிருக்கிறோம். பக்கத்துத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தமிழ் ஆராதனைக்கு செகந்திராபாத் போக வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் ஊர் மகபூபாபாத் பக்கம். நாலு வீட்டு வேலை. மாதம் பிறந்ததும் சம்பளத்தை நூறு ரூபாய் நோட்டுகளாகத்தான் கேட்பார். ஒரு மாதம் ஏடிஎம்மில் ஐந்நூறுதான் வந்தது என்று அப்படியே நீட்டினேன். வாங்க மறுத்து, முனைக்கடையில் மாற்றிவரச் சொல்லி வாசலிலேயே நின்றார். மாற்றிக் கொடுத்ததும் பத்தில் ஒரு பங்கை எண்ணிப் பிரித்து ரவிக்கைக்குள் இருந்த ஒரு பழைய கல்யாணக் கவரில் போட்டுக்கொண்டார். மீதி சேலை முந்தியில். உப்பல் பக்கம் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்துக்கு அந்தக் கவர் போகிறது. மொத்தமாக வீட்டுக்குப் போனால் மகன் கேட்பான், வட்டிக்காரன் கேட்பான், அதனால் வாசலிலேயே பிரித்துவிடுகிறாராம். அசரியா என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தேன், கேள்விப்பட்டதில்லை என்றார்.

அவரிடம் போய், "பாவம், உனக்கு ஏன் இதெல்லாம், உன் சபைக்கு நான் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அந்த ஜெபக்கூடத்தில் அவருக்கு இருக்கிற நாற்காலியை நான் பிடுங்கின மாதிரி. ஜெபக்கூடத்துக்கு ஃபேன் வாங்குவதா, ஸ்பீக்கர் வாங்குவதா என்ற சண்டையில் அவர் சத்தம் போட்டுப் பேசுவது அந்தக் கவரின் பலத்தில்தான்.

நம் ஊரில் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். வெளியூரில் இருக்கிற நாங்கள்தான் இப்போது மிஷன் துரைமார். நோட்டீஸ் போட்டால் பணம் வருகிறது, ரிப்போர்ட் அனுப்பினால் அடுத்த தவணை வருகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டதும் தேரிக்காட்டுத் தோட்டங்களில் மேட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றியதே, அதே கதைதான். ஒரு லட்சம் வந்து விழுகிற கணக்கில் மூன்று படி அரிசியை யார் எழுதுவார்? எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது என்று ஒரு பொருளாளர் சொன்னாராம். கலயம் நின்றுபோனதற்கு ஊரார் பக்தி குறைந்தது காரணம் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. தேவையில்லை என்று நாம் சொன்னோம், அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி நம் பீடத்தில் கேட்காத வருஷம் கிடையாது. காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் கேட்கிற பிரசங்கம் அது. ஆனால் மாற்கு சுவிசேஷத்தில் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று யாராவது வாசித்துக் காட்டினார்களா? முன்னால் இருப்பது, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகர் மேல் இயேசு கோபப்படுவது. பின்னால் இருப்பது, தேவாலயத்தின் பெரிய கல்லுகளைப் பார்த்து ஒரு சீஷன் வாய்பிளப்பதும், இது இடிந்துபோகும் என்று அவர் சொல்வதும். அந்தப் பெண்ணை மெச்சினார், கட்டடத்தை மெச்சவில்லை. மக்கெதோனியா சபையாரைப் பற்றிப் பவுல் கொரிந்துவுக்கு எழுதியதும் இந்த வகைதான். கொடிய தரித்திரத்தில் இருந்த அவர்களை விட்டுவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார் போல. அவர்களே வந்து எங்களையும் சேர்த்துக்கொள் என்று மன்றாடினார்கள். எருசலேமில் கஷ்டப்பட்டவர்களுக்கான வசூல் அது, கோபுரத்துக்கு அல்ல. டிவியில் ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுப்பாய் என்று கூவுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது சீட்டுக் கம்பெனி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அசரியா அங்கே மேடையேறி, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களோடு சிநேகமாக இருக்க மாட்டேன் என்கிறீர்களே என்ற கருத்தில் பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகளுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தியர்களை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குக் கூப்பிடாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். இப்போது நம் அசனப் பண்டிகையை, சபையார் கூடிச் சாப்பிடுகிற விருந்தை, நினைத்துப் பாருங்கள். முன்பு வீட்டுக்கு வீடு அரிசியும் காயும் வாங்கி ஒரே அண்டாவில் போட்டுச் சமைத்தோம். எல்லாத் தெரு அரிசியும் கலந்து வெந்த சோறு. எல்லாத் தெருக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். உட்கார மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள், அவர்களை ஊரே பார்த்தது. போன தடவை வந்தபோது முழு அசனமும் ஒரே ஆள் உபயம். கேட்டரிங் ஆட்கள், பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன். வாழ்த்து பேனரில் அவர் படம். எந்தத் தெரு எங்கே உட்கார்ந்தது என்று பார்க்க ஆளில்லை. பாதிப் பேர் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நடுவில் வசூல் குழுவுக்கு ஒரு சட்ட விஷயம். அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்ட நம் பிள்ளைகளிடம் வாங்கினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருந்தால்தான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அது வந்து இறங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது இதில் சேராது. நோட்டீஸில் இரண்டு பேருக்கும் ஒரே க்யூஆர் கோடு போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்.

கோபுரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த இந்த நிபந்தனைக்குப் பணம் தருவேன் என்று நான் எழுதினால் நானும் துரைதான். அதனால் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ஊர்க்கூட்டம் போட்டுக் கோபுரம் வேண்டுமா, எத்தனை அடி, எத்தனை வருஷம் என்று முடிவு பண்ணுங்கள். பீடி சுற்றுகிறவர்களும் பனையேறுகிறவர்களும் கை தூக்கட்டும். பிறகு குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுங்கள். உள்ளூர்த் தலைக்கட்டுக்கு என்ன வரியோ அதே வரி ஐதராபாத்துக்கும் துபாய்க்கும். பணமாகக் கொடுக்க முடியாதவர் கருப்பட்டியாகவோ மண் சுமக்கிற வேலையாகவோ கொடுக்கட்டும், அதையும் நோட்டில் ஏற்றுங்கள். கையில் கூடுதலாக இருக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்தக் கூடுதலை வேறு எங்கேயாவது, நம் பெயர் தெரியாத இடத்தில் கொடுத்துக்கொள்கிறோம். உபதேசியாருக்குச் சம்பள பாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது கோபுரத்துக்கு முந்திய கணக்கு, அதற்கும் சேர்த்து வரி போட்டால் சரியாக இருக்கும். இந்த வருஷ அசனத்துக்கு உபயதாரர் வேண்டாம், பெட்டி தெருவுக்கு வரட்டும். என் அம்மா ஊர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். அவள் பங்கு அரிசியை அவளிடமே வாங்குங்கள், என்னிடம் சேர்த்துக் கேட்க வேண்டாம்.

வரி எவ்வளவு என்று பொருளாளர் எழுதி அனுப்பட்டும், ரசீது போட்டு வாங்கிக்கொள்ளட்டும். நான் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகிப் புனேயில் இருக்கிற என் மகன் இன்னொரு தலைக்கட்டு. அவன் நம்பரைத் தருகிறேன், தனியாகக் கேளுங்கள். அவனுக்காக நான் கட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
மேலத்தெருவில் பிறந்து ஹப்சிகுடாவில் இருக்கும் உங்கள் பிள்ளை