ஒரு பைசாவின் கணக்கு

சென்ற இதழில் பெங்களூர் ஜோகுபாளையத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி அயோத்திதாசரையும் அம்பேத்கரையும் பெரியாரையும் சேர்ந்து வாசிக்கிறார்கள். கட்டுரையாளருக்கு அது பிடிக்கவில்லை. உழைத்துச் சாப்பிடுகிற மக்களுக்கு இந்தப் புத்தகங்கள் அந்நியமானவை, படித்த சிலர் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிப்பவை என்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தைப் போட்டித் தேர்வு கைடுக்குக் கொடுத்தால் பையன்களுக்கு வேலையாவது கிடைக்கும் என்கிறார். பிழைக்க வந்த மாநிலத்தில் தமிழன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி என்று முடிக்கிறார். எல்லாமே தவறு. அதிலும் முதலில் சொன்னது எங்கள் தாத்தன் பாட்டிகள் மீது சுமத்தப்பட்ட பழி. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

யார் அந்த மக்கள்? 1809ல் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது தமிழ்ப் பகுதிகளிலிருந்து பட்டாளத்தோடும் பட்டாளத்துக்குப் பின்னாலும் வந்தவர்கள். சிப்பாய், கொத்தனார், குதிரைக்காரர், துரை வீட்டுச் சமையல்காரர், துணி வெளுக்கிறவர், தெரு கூட்டுகிறவர். அல்சூர் ஏரியைச் சுற்றி அவர்கள் குடியேறினார்கள். ஊரில் சேரிக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்த சாதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் ஏராளம். இந்த மக்களுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பத்திரிகையின் வரலாற்றையாவது கட்டுரையாளர் தேடிப் பார்த்திருக்கலாம்.

1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதன் விலையையே அதற்குப் பெயராக வைத்தார்: ‘ஒரு பைசாத் தமிழன்’. புதன்கிழமைதோறும் நான்கு பக்கம். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. அவர் 1898லேயே இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியிருந்தார். அந்தச் சங்கத்துக்குக் கிளைகள் எங்கெல்லாம் முளைத்தன என்று பாருங்கள். பெங்களூர், கோலார் தங்கவயல், ஹூப்ளி, ரங்கூன், கடல் கடந்து தென்னாப்பிரிக்கா. தமிழ் உழைப்பாளி எங்கே கூலிக்குப் போனானோ அங்கெல்லாம் அந்த நான்கு பக்கமும் போனது. கல்லூரிப் பேராசிரியர்கள் அதைக் கொண்டுபோகவில்லை. பின்னாளில் அவர்களில் பலர் அயோத்திதாசரின் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

அயோத்திதாசர் 1914ல் மறைந்தார். அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1926ல் ‘தமிழன்’ மறுபடி வெளிவந்தது, இந்த முறை தங்கவயலிலிருந்து. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் சுரங்கங்களில் பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறையைக் குடைந்தவர்களின் ஊர் அது. அங்கேதான் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. சுரங்கத் தொழிலாளியின் கூலியில் நடந்த பதிப்பகம் அது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் மறந்துபோன ஒரு சிந்தனையாளரை வீட்டுப் பெட்டிகளில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இவர்களும், இவர்களைப் போன்ற அன்பு பொன்னோவியம் முதலானவர்களும்தான். 1999ல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. யாருக்கு அந்நியம் இந்தப் புத்தகம்? யாரிடமிருந்து யாருக்கு வந்தது?

எழுத்தறிவு விகிதத்தை எடுத்துக் காட்டுகிறார் கட்டுரையாளர். அன்று நூற்றில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும் என்று கேட்கிறார். ஒருவர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அதுதான் எங்கள் வாசிப்பு. என் அப்பா பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில், எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்ற அந்த நாட்களில், எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சத்தமாகப் படிப்பார். தமிழ் தெரியாத கன்னடத் தோழருக்கு அப்பா பாதியில் நிறுத்தி அர்த்தம் சொல்வார். ஆயா பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எங்கே நிறுத்தினார்கள் என்பதை மறுநாள் அவர்தான் நினைவூட்டுவார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார் கட்டுரையாளர், படிக்காதவர் கணக்கிலா?

புத்தகத்தால் என்ன நடந்தது என்றும் கேட்கிறார். 1930ல் தங்கவயலில் தொழிலாளர்களிடம் கைரேகை எடுக்க நிர்வாகம் முனைந்தது. குற்றவாளியைப் போலக் கட்டைவிரலை நீட்ட மாட்டோம் என்று சுரங்கத்தை மூன்று வாரம் நிறுத்தினார்கள். பத்திரிகை படித்ததால்தான் வேலைநிறுத்தம் வந்தது என்று எளிமையாக்க மாட்டேன். ஆனால் நீ இந்த மண்ணின் பூர்வகுடி, உனக்கொரு வரலாறு உண்டு, யார் முன்னாலும் தலைகுனியத் தேவையில்லை என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகை அதே ஊரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. கூலிக்காக மட்டும் இல்லாமல் மானத்துக்காகவும் ஒரு தொழிலாளி வேலையை நிறுத்துகிறான் என்றால் அந்த மானத்தைப் பற்றி அவனிடம் யாரோ பேசியிருக்கிறார்கள்.

ஆட்சியில் இருந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இருந்ததில்லை. பகத்சிங் தான் ஏன் நாத்திகன் என்று எழுதிய சிறு நூலை ஜீவானந்தம் தமிழாக்கினார், ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார். ஆங்கிலேய அரசு இருவரையும் கைது செய்தது. அரசு மட்டுமல்ல, 1936ல் சாதி ஒழிப்புச் சங்கமான லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டலே அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டையே ரத்து செய்தது. அவர் அதைத் தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். பெரியாரின் ‘குடி அரசு’ அதைத் தமிழில் கொண்டுவந்தது. பயனற்ற தாளுக்காக எந்த அரசும் ஆளைப் பிடித்து உள்ளே வைக்காது.

போட்டித் தேர்வு கைடுக்கு வருகிறேன். அதைப் படிக்க வேண்டாம் என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று பேர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வு அறைக்குள் எங்கள் பிள்ளைகளுக்கு நாற்காலி எப்படி வந்தது? பிற்படுத்தப்பட்டோரின் இட ஒதுக்கீட்டுக்காக மைசூர் சமஸ்தானத்தில் 1918ல் மில்லர் குழு அமைந்தது, பின்னாளில் 1972ல் ஹாவனூர் ஆணையம் அமைந்தது. அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை துண்டறிக்கை, எத்தனை மனு, எத்தனை கூட்டம்! விடையை மனப்பாடம் செய்ய கைடு உதவும். கேள்வியை யார் தயாரிக்கிறார்கள், யாரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் கைடில் இருக்காது.

வேலை கிடைத்த பிறகு? 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் அப்படியொரு மசோதா நிறைவேறியது. அங்கே தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில நாட்களில் அரசு அதை நிறுத்தி வைத்தது. மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1923 மே 1ல், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். எட்டு மணி நேரம் என்பது எத்தனை பேர் ரத்தம் சிந்திப் பெற்றது என்று படித்துத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் அதைப் பறிக்கும்போது கோபம் வரும். தெரியாதவன் ஓவர்டைம் கிடைக்கிறது என்று மகிழ்வான். இந்திராநகருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜோகுபாளையம் திரும்பும் பையனுக்கு இதைச் சொல்லாதே என்கிறார் கட்டுரையாளர். அந்த அறிவுரை யாருக்கு லாபம் என்று அவரே யோசிக்கட்டும்.

ஒன்றை மட்டும் அவரிடம் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி அலமாரியில் மார்க்ஸையும் அம்பேத்கரையும் அடுக்கி வைத்துவிட்டு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைக்கிறவர்கள் முற்போக்குக் கூட்டத்திலேயே உண்டு. அவர்களைப் பற்றி அவர் இன்னும் கடுமையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அந்தத் துரோகத்தைக் காரணம் காட்டிப் புத்தகத்தை எங்கள் கையிலிருந்து பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக, வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் அந்தப் புத்திமதி. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின் பேரில் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டதை நாங்கள் பார்த்தவர்கள். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 வரை, பதினெட்டு ஆண்டுகள், மூடியே கிடந்ததையும் பார்த்தவர்கள். அச்சம் என்ன என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் இருநூறு ஆண்டுகளாக இந்த நகரத்தைக் கட்டியவர்களைப் பிழைக்க வந்தவர்கள் என்று ஒரு தமிழரே எழுதுவதை ஏற்க முடியாது. கன்னடரோடு எங்களைச் சண்டையிட வைப்பது இந்தப் புத்தகங்கள் என்பது அதைவிடப் பெரிய பொய். 1973ல் கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி ‘பூசா’, மாட்டுத் தவிடு, என்று சொல்லி அமைச்சர் பதவியை இழந்த பசவலிங்கப்பா யார்? ஒடுக்கப்பட்டவன் வாழ்க்கை இந்த எழுத்தில் எங்கே என்று கேட்ட கன்னடர். அந்தப் பேச்சால் எழுந்த கலவரத்திலிருந்துதான் கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதியின் பயணம் தொடங்கியது. 2022ல் தேவனூர மகாதேவா ஆர்.எஸ்.எஸ். பற்றி எழுதிய சிறு நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று விட்டுக்கொடுத்தார். சிறு சிறு குழுக்கள் காசு போட்டு அச்சடித்தன. ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1907ன் ஒரு பைசாவும் 2022ன் இந்தச் சிறு நூலும் ஒரே கணக்குதான்: கூலிக்காரன் கைக்கு எட்டுகிற விலையில், கூலிக்காரனுக்குத் தேவையான உண்மை. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட எங்கள் தெருவில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ஒன்றாக நிற்கிறார்கள். மொழி பிரித்த மக்களை ஒரே இடத்தில் நிற்க வைத்தது அவர் எழுதியவைதான்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையைத் தொடங்குகிறோம். இதைப் படிக்கும் ஜோகுபாளையத்துக்காரர்கள் வாருங்கள். கட்டுரையாளரும் வரலாம். எழுத்து தெரியாத பெரியவர்கள் தயங்க வேண்டாம், சத்தமாகத்தான் படிக்கிறோம்.