முற்றம் என்னும் திறந்த சன்னல்

உயர்ரக ஒலிபெருக்கி வாங்கப்போகிறேன், எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டு எழுதும்போது, நான் திருப்பிக் கேட்கும் முதற் கேள்வி 'உங்கள் அறையின் நீள அகலம் என்ன?' என்பதுதான். பலருக்கு எரிச்சல் வருகிறது. பெண் பார்க்கப் புறப்பட்டவனிடம் வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்றா என்று விசாரிப்பதுபோல் இருக்கிறதாம். ஆனால் ஒலிபெருக்கி தனியாக ஒலிப்பதில்லை. வீடும் சேர்ந்தே ஒலிக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பெருந்தொகையும் ஒன்றரை ஆண்டுகளும் செலவாயின.

காரைக்காலில் பிரான்சோடு ஏதேனும் ஒரு கிளையில் தொடர்புள்ள குடும்பங்கள் நிறைய. 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். என் சித்தப்பாவும் அவ்வழியே பாரிஸ் போய், ஓய்வுபெற்றுத் திரும்பியவர். கபாஸ், ஃபோக்கல் என்று அந்நாட்டு ஒலிபெருக்கிகளின் பெயர்களை எனக்குக் காதில் போட்டவர் அவரே. பாதிப் பணம் தானே தருவதாகவும் சொன்னார். ஆசை யாரை விட்டது? சென்னைக்குப் போனேன்.

கடையில் கம்பளம் விரித்த தரை, கனத்த திரைகள், தாழ்ந்த விளக்கொளி. விற்பனையாளர் ஒரு குறுந்தகட்டைப் போட்டார். ஒரு மேலைநாட்டுப் பெண்மணி மிக நிதானமாகப் பாடினார். அற்புதமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்மணியின் குரலை நான் நேரில் கேட்டதே இல்லை. அது உள்ளபடி ஒலிக்கிறதா, அழகுபடுத்தப்பட்டு ஒலிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்றைவிட மற்றொன்றைச் சற்று உரக்க ஒலிக்கவிட்டாலே உரத்தது மேலானதாகப் படும் என்பது அத்தொழிலில் உள்ளோர் அறிந்த செய்தி. 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது மக்கள் தந்த மதிப்பெண், அவற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது மாறிவிட்டது. பெட்டியின் அளவும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

நம் பக்கத்து மனிதனுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அதை நாம் பயன்படுத்துவதில்லை என்பது என் மனக்குறை. கைலாசநாதர் கோவிலிலோ திருநள்ளாற்றிலோ நாகசுரத்தை நேரில் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அந்தப் பாரி நாகசுரம், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. சீவாளியின் கரகரப்பு எவ்வளவு, மரத்தின் கனிவு எவ்வளவு என்று நமக்குத் தெரியும். தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் விழும் ஓசைக்கும் தொப்பியில் கழி விழும் ஓசைக்கும் இடையிலுள்ள தொலைவும் தெரியும். கடைக்கு எடுத்துப்போக வேண்டிய தகடு அதுவே. (நான் எடுத்துப்போகவில்லை. ஒரு கடையில் நாகசுரமா என்ற கூச்சம்.)

வாங்கிவந்த பெட்டிகளை மாடியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறையில் வைத்தேன். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி, பத்தடி உயரம். தரையில் பளபளக்கும் ஓடு, வெறுஞ்சுவர், மூடிய கண்ணாடிச் சன்னல். இளையராஜாவின் பாட்டொன்றைப் போட்டால் பேஸ் கிதாரின் ஒரு சுரம் வீங்கிப் புடைக்கும், அடுத்த சுரம் ஆளைக் காணோம் என்று ஒளியும். நாகசுரமோ காதில் ஊசி ஏற்றியது. பெட்டிதான் பழுது என்று ஒரு மாதம் புலம்பினேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலை எழும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை அறிய, அந்த வேகத்தைச் சுவரிடைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். என் அறைக்கு 38, 48, 57 ஹெர்ட்ஸ் என்று வந்தது. அவற்றின் மடங்குகள் வேறு. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் தாழ்ந்த சுரங்கள் அனைத்தும் என் சுவர்களின் தயவில் இருந்தன. பெட்டியை நாற்காலி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நான் அறையெங்கும் தவழ்ந்து, தாழ்சுரங்கள் சமமாகக் கேட்கும் இடத்தைத் தேடினேன். அவ்விடத்தில் பெட்டியை வைத்து, பழைய நாற்காலியில் அமர்ந்து கேட்பது முறை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்த என்னைப் பார்த்து அம்மா, "ஏண்டா, என்னத்தத் தொலைச்சே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. சிறிது முன்னேற்றம் இருந்தது. ஊசி மட்டும் போகவில்லை.

அச்சமயத்தில்தான் வாலஸ் சபைனைப் படித்தேன். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை உட்கவர்கிறது என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். போன ஒலி திரும்பி வராது என்பதால் அதுவே முழுமையான உட்கவர்தல்.

அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுக் கீழே இறங்கிப்போய் நின்றேன். எங்கள் பழைய வீட்டின் கூடத்து நடுவில் எட்டுக்குப் பத்தடி முற்றம். வானத்தை நோக்கித் திறந்த எண்பது சதுர அடிச் சன்னல்.

மறுநாள் இரண்டு ஆட்களைப் பிடித்துப் பெட்டிகளை இறக்கினேன். பின்சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி, முற்றத்தைப் பார்த்தபடி, இரண்டுக்கும் எனக்கும் சமபக்க முக்கோணம். மேலே நாட்டு ஓடும் மரச்சட்டங்களும். பக்கச் சுவரில் அப்பாவின் புத்தக அலமாரி. (இலக்கிய வாசகர்கள் மகிழலாம். உயரமும் பருமனும் ஒவ்வாத புத்தகங்கள் ஒலியைச் சிதறடிப்பதில் விலைகொடுத்து வாங்கும் பலகைகளுக்கு அதிகம் இளைத்தவை அல்ல.) ராஜரத்தினம் பிள்ளையின் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன். தட்டின் இரைச்சல் அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் நாகசுரம் கூடத்தில் அல்ல, முற்றத்துக்கு எதிர்த் தாழ்வாரத்தில் நின்று ஒலித்தது. அந்த வாத்தியம் நான்கு சுவருக்குள் அடங்கப் பிறந்ததா என்ன? எங்கள் ஊர் அம்மையார் மூத்த திருப்பதிகத்தில் சுரங்களின் பெயர்களையும் வீணை, மத்தளம், தமருகம், குடமுழா என்று வாத்தியங்களையும் அடுக்குவது ஆலங்காட்டுச் சுடுகாட்டில், கூரையற்ற வெளியில்.

குறைகளும் உண்டு. காக்கை வரும், மாங்கனித் திருவிழாவின்போது தெருவின் புனல் ஒலிபெருக்கிகளோடு போட்டியிட முடியாது. உப்புக்காற்றில் கம்பி முனைகள் பச்சை பூக்கின்றன. மாதம் ஒருமுறை துடைக்கிறேன். ஆனாலும் என் கருத்து இதுதான்: விலையில் பாதிக்கு வாங்குங்கள், மீதியை அறைக்குச் செலவிடுங்கள், பழைய வீடிருந்தால் மாடியில் கான்கிரீட் அறை எழுப்புமுன் கூடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் நெருக்கடி வேறு. வரும் தையில் வீட்டை இடித்துக் கட்டவேண்டும் என்கிறார் அண்ணன். அவர் பக்கம் நியாயமில்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் முற்றத்து ஈரத்தில்தான் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் மாடி ஏறவில்லை. பாட்டுக் கேட்பதற்காக அம்மாவை இன்னொரு முறை விழவைப்பாயா என்று அண்ணன் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. புதிய வரைபடத்தில் முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டிருக்கிறார்கள். தகட்டைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுவழி விட்டு, சாரல் படாமல் கீழே சரிவுப் பலகை வைக்கலாம் என்று பென்சிலால் வரைந்து கொடுத்திருக்கிறேன். தரைக்குச் சொரசொரப்பான கல்லும் கேட்டிருக்கிறேன். பொறியாளர் பார்த்துவிட்டுச் சொல்வதாக வாங்கிப் போயிருக்கிறார்.