கரண்ட் பிடிப்பது மட்டுந்தானா இயன்மருத்துவம்?

முழங்கால் வலிக்கோ இடுப்பு வலிக்கோ வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் எம்மவர்களிடம், "அங்கே என்ன செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கரண்ட் பிடித்தார்கள்" என்பார் ஒருவர். "மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள்" என்பார் இன்னொருவர். இயந்திரத்தில் படுக்கவைத்து இடுப்பை இழுத்ததாகச் சற்றுப் பெருமையோடு சொல்வோரும் உண்டு. "ஒன்றுமே செய்யவில்லை. அங்கே தொட்டும் இங்கே மடக்கியும் பார்த்துவிட்டு, நாலு பயிற்சியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்" என்று சலித்துக்கொள்பவரும் இருக்கிறார். இவர்களுள் இயன்மருத்துவத்தின் சாரத்தைப் பெற்று வந்தவர் இந்தக் கடைசி மனிதரே என்று சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை.

அந்தத் தொட்டுப் பார்ப்பதிலும் மடக்கிப் பார்ப்பதிலுந்தான் விடயமே இருக்கிறது. தோள் வலி என்று மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரால் கையை உயர்த்த முடியவில்லை. மற்றவர் பிடித்து உயர்த்தினாலும் அது உயரவில்லை. அது மூட்டு இறுகிப்போன தோள். நீரிழிவுக்காரரிடம் அதிகம் காணப்படுவது. இரண்டாமவராலும் தாமாக உயர்த்த முடியவில்லை. ஆனால் மற்றவர் உயர்த்தினால் கை தாராளமாக மேலே போகிறது. அங்கே பழுது பெரும்பாலும் தசைநாரில் இருக்கும். நரம்பு தளர்ந்தும் இருக்கலாம். மூன்றாமவருக்குத் தோள் நன்றாகவே அசைகிறது. கழுத்தைத் திருப்பும்போதுதான் வலி விரல் நுனிவரை மின்னலாய் இறங்குகிறது. அவருடைய நோய் தோளிலேயே இல்லை. கழுத்து நரம்பில் இருக்கிறது. சொல்வது ஒரே வலி, செய்யவேண்டியது மூன்று வேறு சிகிச்சை. மூவருக்கும் ஒரே எண்ணெயைப் போட்டு உருவினாலோ, ஒரே இயந்திரத்தைப் பொருத்தினாலோ பயன் என்ன?

நல்ல இயன்மருத்துவர் இவற்றை மனக்கணக்காக விட்டுவிடுவதில்லை. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கிறார். தசையின் வலுவைச் சுழியத்திலிருந்து 5 வரை புள்ளியிட்டுக் குறிக்கிறார். இரண்டு வாரம் கழித்து அதே அளவைகளை மீண்டும் எடுத்து, முன்னேற்றம் இல்லையேல் சிகிச்சையை மாற்றுகிறார்.

இயந்திரங்களின் மீதுள்ள எமது மோகத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனமே பதில் சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், குறித்த நோய்க்காரணம் எதுவும் புலப்படாத இடுப்பு வலி பற்றி 2023 டிசெம்பரில் அது ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கமளிப்பதையும் அது பரிந்துரைத்தது. கையால் செய்யும் சில சிகிச்சைகளுக்கும் இடமளித்தது. ஆனால் இடுப்பை இழுத்தல், அல்ட்ராசவுண்ட், தோல்வழி மின்துடிப்பு, இடுப்புப் பட்டி ஆகியவற்றை வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. வேறு நோய்களில் இவற்றுட் சிலவற்றுக்கு இடமிருக்கலாம். எனினும், இடுப்பு வலிக்காரர் தேடிச்சென்று பணம் கொடுக்கும் பட்டியலும் இந்தப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்கான் படத்தைப் பார்த்துக் கலங்குவது இன்னொரு வியாதி. வலியே இல்லாதவர்களை எடுத்த படங்களை 2015 இல் ஓர் ஆய்வு தொகுத்துப் பார்த்தது. 20 வயதினரில் 37 வீதமானோருக்கும் 80 வயதினரில் 96 வீதமானோருக்கும் முள்ளந்தண்டு வட்டுகளில் தேய்வு காணப்பட்டது. தலை நரைப்பதற்கு அஞ்சாத நாம், "தேய்மானம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் குனியவும் அஞ்சிப் படுத்துவிடுகிறோம்.

படுக்க வைப்பதுதான் எமது வீடுகளின் அன்பு. பாரிசவாதம் வந்த தகப்பனுக்குப் பிள்ளைகள் ஊட்டிவிடுகிறார்கள். தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் விடுவதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதாலேயே மூளை இழந்த அசைவை மீளக் கற்கிறது. அந்தக் கற்றலுக்கு மிக உகந்த முதல் மாதங்கள் இந்தப் பாசத்தில் கரைந்துபோகின்றன. போதாததற்கு, வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தே அவரைத் தூக்கி இருத்துவதால் தோள்மூட்டும் பழுதாகிறது.

பொறுமையின்மையும் ஒரு காரணம். அறுபட்டுப் பொருத்தப்பட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். முழங்கையில் காயப்பட்ட நரம்பு விரலைச் சென்றடைய ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அதுவரை மூட்டுகள் இறுகாமல் காப்பதுதான் சிகிச்சை. மூன்றே வாரத்தில் "இது சரிவராது" என்று கைவிட்டால், நரம்பு வந்து சேரும்போது அசைவதற்கு மூட்டு இருக்காது.

குற்றம் முழுவதையும் மக்கள் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் வர ஒரு மணி நேரம் படகிலும் பின்னர் குறிகட்டுவானிலிருந்து பேருந்திலும் பயணிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை வாரம் இருமுறை இப்படி வரச் சொல்வது சிகிச்சையா, தண்டனையா? பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளியும், கூடை சுமந்து கழுத்து வலிக்கும் மலையகப் பெண்ணும், போரில் அவயவம் இழந்தவரும் அநேகமாக நகரங்களுக்கு அப்பாலேயே வாழ்கிறார்கள். 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் பொருத்தி எத்தனையோ பேரை நடக்க வைத்தது. காலைப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. எஞ்சிய தசையைப் பலப்படுத்தவும் நடை பழக்கவும் ஆள் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியோர் நூற்றுக்குப் பன்னிருவர். இன்று அந்தப் பங்கு மேலும் உயர்ந்துள்ளது. ஆகவே இயன்மருத்துவம் பெரிய வைத்தியசாலைகளின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க முடியாது. அது பிரதேச வைத்தியசாலைகளுக்கும், குறித்த நாட்களிலாவது கிராமங்களுக்கும் செல்ல வேண்டும். பயிற்சிகள் படத்தோடு நல்ல தமிழில் அச்சிடப்பட்டு நோயாளியின் கையில் கொடுக்கப்படவும் வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டுவோரை நான் பழிக்கவில்லை. அந்த நம்பிக்கை தலைமுறைகளாக வந்தது. ஆனால் இடுப்பு வலியோடு சிறுநீர் அடைபட்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, காலின் வலு குறைந்தாலோ, புக்கைக்கும் பயிற்சிக்கும் அங்கே வேலையில்லை. அன்றே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இரவிலும் ஓயாத வலி, காய்ச்சல், காரணமற்ற மெலிவு ஆகியனவும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டிய அறிகுறிகளே. சந்திக்குச் சந்தி பெயர்ப்பலகைகள் முளைத்திருக்கும் காலத்தில், சிகிச்சையளிப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர்தானா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்த முறை இயன்மருத்துவரிடம் செல்லும்போது, "எந்த இயந்திரம் வைப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எனக்கு என்ன பழுது, வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லையென்றால், அந்த நேரத்தைப் பெற்றுத் தருமாறு சுகாதாரத் துறையிடம் கேட்பது எம் எல்லோருடைய பொறுப்பு.