லொறி நிண்ட இடத்தை மட்டும் திருத்தினா போதுமா?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இது பழக்கம். லொறி ஓடுற றோட்டில குழி விழுந்தா கெதியா ஆள் வரும். உள்ளொழுங்கையில விழுந்தா ரெண்டு மாரி போனாலும் அப்பிடியே கிடக்கும்.

எங்கட கலங்களுக்குள்ளயும் இதே கேள்வி இருக்கு. ஒரு மனிதக் கலத்தில் ஏறத்தாழ 600 கோடி மூலச்சோடிகள். மத்தியான வெயிலில் கடற்கரையில் நிற்கிறவரின் தோலில், கழியூதாக் கதிர் அடுத்தடுத்த ரெண்டு மூலங்களை ஒட்ட வைத்துவிடும். இவ்வளவு நீளத்தில் அந்த ஒரு இடத்தை நொதியங்கள் எப்பிடிக் கண்டுபிடிக்குது?

வழி ரெண்டு. பரம்பரையலகை வாசித்துக்கொண்டு போகும் ஆர்.என்.ஏ பொலிமரேஸ் பழுதில் முட்டி நிற்கும். அது நிற்கிறதே முறைப்பாடு. திருத்துற புரதங்கள் அங்க வந்து சேரும். வாசிக்கப்படும் பரம்பரையலகு மற்றப் பகுதிகளைவிட வேகமாகத் திருத்தப்படுவதை பிலிப் ஹனவால்ட்டின் குழு 1985இல் காட்டியது.

மற்றது எக்ஸ்.பி.சி என்ற புரதம். அது முறைப்பாட்டுக்குக் காத்திராது, டி.என்.ஏ முழுக்கத் தேடும். பழுதை நேரே பார்ப்பதில்லை. சோடி தளர்ந்து இழை நெளிந்த இடத்தைத் தடவிப் பிடிக்கும், கிழிஞ்ச வலை தைக்கிறவரின் விரல் மாதிரி. அதற்குப் பிடிபடாத சின்ன நெளிவுகளை டி.டி.பி 2 காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்த உடனே வெட்டுவதும் இல்லை. எக்ஸ்.பி.டி இழை வழியே போய்ப் பார்த்து, உண்மையில் தடக்கினால்தான் ஏறத்தாழ 30 நியூக்கிளியோரைட்டு நீளத் துண்டு வெட்டி எடுக்கப்படும். பிறகு எதிரிழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படும். இந்தத் திருத்தமுறையை விளக்கிய அஸீஸ் சன்ஜார் 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எக்ஸ்.பி.சி பழுதாகிப் பிறக்கிறவர்களுக்கு முதல் வழி ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனாலும் வெயில் பட்டால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அவர்களுக்குப் பல மடங்கு. வாசிக்கப்படாத இடத்துப் பழுது சத்தமில்லாமல் கிடந்து, கலம் பிரியும்போது பிழையாகப் படியெடுக்கப்படுவதுதான் காரணம்.

கலம் எங்களுக்கு ஊர் நடத்தப் பாடம் சொல்ல வரேல்ல, தெரியும். ஆனாலும் இதைப் படிச்ச பிறகு, "முறைப்பாடு வந்தா திருத்துவம்" என்ற பதிலை நாங்கள் முழுப் பதிலாக எடுக்கமாட்டம். அது அரைவாசி வேலை. முறைப்பாடு குடுக்க ஆளில்லாத இடத்தைத் தேடிப் போகவும் ஆள் வேணும். மாதத்தில ஒரு நாள், எங்கட ஒழுங்கைகளை நடந்து பார்த்து எழுதி வைக்கிறதை நாங்களே தொடங்கலாம்.